மூன்றாவது கை

சமயநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஜுல்பிகரிடம் ஒரு கிட்டார், ஒரு லேப்டாப் பை, சுருட்டிய பாய், இரண்டு தண்ணீர்க் கேன் இருந்தன. ஆட்டோக்காரர் கிட்டார் உறையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கச்சேரிக்கா பாய்? இங்கிட்டு மண்டபம் ஒண்ணும் இல்லியே" என்றார்.

"வீட்டுக்குத்தேன்."

அதை வீடு என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். நாற்பது மனை பிரித்துக் கல் ஊன்றிய பொட்டல் அது. கல்லுக்கு ஒரு கருவேலஞ்செடி முளைத்திருந்தது. நடுவில் ஒரே ஒரு கட்டடம், சுண்ணாம்பு வாசனைகூடப் போகாமல் நின்றது. புரோக்கர் வீரணன் சாவியைக் கொடுக்கும்போது பெருமையாகச் சொன்னார்: "ஒரு சாவு விழாத வீடுண்ணே. சாவு என்ன, ஒரு சண்டகூட நடக்கல." யாராவது குடியிருந்தால்தானே சாகவும் சண்டை போடவும் முடியும் என்று ஜுல்பிகர் திருப்பிச் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு அவருக்குச் சத்தமில்லாத இடம் வேண்டும், அவ்வளவுதான்.

தெற்குவாசல் வீட்டில் அது நடக்காது. கீழே பாத்திரப் பட்டறை, எதிரே சைக்கிள் கடை, மைக்கை வைத்தால் சரியாக அந்த நேரம் பார்த்துப் பூண்டு விற்பவர் வருவார். உள்ளே மட்டும் சத்தமே கிடையாது. மகள் ஃபர்ஹாவுக்குக் குழந்தை பிறந்ததென்று மனைவி சபியா கோயம்புத்தூர் போய் ஆறு மாதம் ஆகிறது. முதலில் தினம் மூன்று முறை போன் வந்தது. இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறது. நாற்பத்தாறு வயது ஆளுக்குத் தனிமையைச் சொல்லி அழ வெட்கமாக இருந்தது. அதனால் அவர் சொல்லவில்லை.

செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதைக் கேட்டவள் பாண்டீஸ்வரி, கச்சேரிக் குழுவில் இவரோடு டிரம் வாசித்த தங்கப்பாண்டியின் மனைவி.

"வார பதினெட்டாம் தேதி அவருக்கு மூணாவது வருசம் சாமி கும்புடுறோம்ணே. இருபது வருசம் ஊர் ஊராப் போயி டிரம் அடிச்சாரு. எங்கிட்ட அவரு அடிச்சது ஒண்ணுகூட இல்ல. போன்ல கெடக்குற வீடியோ அம்புட்டுலயும் ஆடுறவங்களத்தேன் எடுத்து வச்சிருக்காய்ங்க. நீங்க ரெண்டு பேரும் சொந்தமாப் போட்ட பாட்டு ஒண்ணு இருக்குல்ல? அதையாவது பதிஞ்சு குடுங்க. பிள்ளைக கேக்கட்டும்."

அடுத்தவர் பாட்டையே வாசித்துக் காலம் கழித்த இருவரும், வேனில் போகும்போதும் வரும்போதும் கட்டிய ஒரே பாட்டு அது. கிட்டார் பகுதி ஜுல்பிகரின் விரலில் இருந்தது. டிரம் பகுதி தங்கப்பாண்டியோடு போய்விட்டது. வேறு ஒருவரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்கார வைக்க மனம் வரவில்லை. ஆள் வேண்டாம், சாஃப்ட்வேர் போதும் என்று முடிவு செய்தார்.

அந்த முடிவில் ஒரு முள் இருந்தது. அது குத்துவது அவருக்கும் தெரியும்.

அவர்கள் ஏறிய மேடைகள் எல்லாம் சின்ன மேடைகள். திருவிழாவில் நாலு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் அலறும்போது, டிரம்மர் குச்சியைத் தட்டி 'ஒன்று, இரண்டு, மூன்று, நாலு' என்று கொடுக்கும் கவுண்ட் யார் காதிலும் விழாது. அதனால் தங்கப்பாண்டி ஒரு பழக்கம் வைத்திருந்தான். கிட்டாரோடு தனக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில் நிற்கும் ஜுல்பிகரின் இடது தோளில், தன் இடது கை விரலால் நாலு தட்டு தட்டுவான். நாலாவது தட்டில் பாட்டு ஆரம்பம். இருபது வருடம் அந்தத் தோள் அதற்காகக் காத்திருந்திருக்கிறது. வாசிக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது குழுவின் சட்டம், சபைக்கு முதுகு காட்டக் கூடாது. அதனால் தங்கப்பாண்டி வாசிப்பதை ஜுல்பிகர் கேட்டிருக்கிறாரே தவிர, சரியாகப் பார்த்ததே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வரவேற்புக் கச்சேரி. மேடையில் டிரம்முக்கு இடம் போதாது என்றார்கள். ஜுல்பிகர் தாளம் போடும் மெஷின் ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். தங்கப்பாண்டியிடம் சொல்லவில்லை. விஷயம் தெரிந்து அவன் போன் செய்தான். கோபப்படவில்லை, சிரித்தான்.

"மாப்ள, இன்னைக்கு உனக்கு யார்றா கவுண்ட் குடுக்குறது?"

"மெஷினே குடுக்கும்டா."

அதுதான் இருவரும் கடைசியாகப் பேசியது. சும்மா இருக்க வேண்டாமே என்று தங்கப்பாண்டி அன்று வேறொரு குழுவோடு கிளம்பினான். திரும்பி வரும்போது வாடிப்பட்டி அருகே, நின்றிருந்த லாரியில் வேன் மோதியது. உடல் வீட்டுக்கு வந்தபோது இடது கையை மட்டும் தனியாகத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். ஏன் என்று ஜுல்பிகர் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

சாஃப்ட்வேர் தேடுவதில் அப்துல் ஹலீம்தான் துணை. கீழவாசலில் சின்ன ரிக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருப்பவர், இவரைவிடப் பத்து வயது இளையவர். அவர் சொன்னபடி ஜுல்பிகர் முதலில் ஒன்றை இறக்கினார். அது போன் நெட்டில் இரண்டு ராத்திரி முழுக்க இறங்கியது. திறந்தால் விமான ஓட்டிக்குத்தான் புரியும்போல அத்தனை பித்தான்கள். இரண்டாவதில் தயாராக ஆயிரம் தாளம் இருந்தது, எதைத் தொட்டாலும் கல்யாண மண்டப வாசல் மாதிரியே கேட்டது. மூன்றாவது மட்டும் கொஞ்சம் ஆள் வாடையோடு இருந்தது. பத்து நாள் இலவசம், அதன்பின் ஊமையாகிவிடும்.

"டிரம் தெரியாதவங்களுக்கு இதுதேன் லேசுண்ணே," என்றார் ஹலீம். "கட்டம் கட்டமா இருக்கும். எங்க அடி வேணுமோ அந்தக் கட்டத்துல மவுஸால ஒரு அமுக்கு. முடிஞ்சு போச்சு."

பொட்டல் வீட்டின் நடு அறையில் பாயை விரித்து, கொத்தனார்கள் விட்டுப்போன பழைய மேஜை மேல் லேப்டாப்பை வைத்து, ஜன்னல்களைச் சாத்தினார். கிட்டார் பதியும்போது மின்விசிறியும் ஓடக் கூடாது. மதியம் இரண்டு மணிக்கு, மதுரை வெயிலில், விசிறி இல்லாத மூடிய அறை. காதில் ஹெட்போன் வேறு. வெளியே காகம்கூடக் கத்தாத நேரம் அது. தன் மூச்சுச் சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்டது.

முதல் நாள் முழுக்கக் கட்டங்களில் பச்சைப் பொட்டு வைத்தார். மேல் வரிசை ஹை-ஹாட், தங்கப்பாண்டி வலது கையால் விடாமல் தட்டுகிற இரட்டைத் தாளத்தட்டு. அடுத்தது ஸ்நேர், இடது கை அடிக்கும் 'டப்'. கீழே காலால் மிதிக்கும் பெரிய டிரம். சரணம் ஆரம்பிக்கும் இடத்தில் எடுப்பாக இருக்கட்டும் என்று பெரிய தாளத்தட்டு ஒன்றையும் சேர்த்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சேமித்துவிட்டுத் தூங்கினார்.

மறுநாள் அந்தப் பெரிய தட்டின் பொட்டைக் காணோம்.

கை தவறியிருக்கும் என்று மறுபடி வைத்தார். சேமித்தார். பரோட்டா வாங்க மெயின்ரோடு வரை போய்விட்டு வந்தார். பூட்டிய வீடு பூட்டியபடி இருந்தது. லேப்டாப் மூடியபடி இருந்தது.

பொட்டு இல்லை.

ஹலீமுக்கு ஃபைலை அனுப்பிவிட்டுப் போன் செய்தார். "சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு போல. சரணத்துல வச்ச பெரிய தட்டு அடியைத் தின்னுருது."

ஹலீம் கேட்டுவிட்டு உற்சாகமாகப் பேசினார். "கோளாறா? நல்லாத்தானேண்ணே எடுத்திருக்கீங்க! அந்த எடத்துல வலது கை ஹை-ஹாட்ல இருக்கு, இடது கை ஸ்நேர்ல இருக்கு. அதே நொடியில பெரிய தட்டை அடிக்க மூணாவது கைக்கு எங்க போறது? டிரம் வாசிக்காதவங்க எல்லாரும் பண்ற தப்பு இது. எப்புடிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"நான் எடுக்கல ஹலீமு."

"வெளையாடாதீங்கண்ணே. டிரம்மர் ஒருத்தர் பக்கத்துல ஒக்காந்து பாத்தாத்தேன் இப்புடி எடுக்க முடியும்."

போனை வைத்துவிட்டு ஜுல்பிகர் அந்தக் காலிக் கட்டத்தை மறுபடி பார்த்தார். வியர்வை முதுகில் இறங்கியது. அது மட்டும் ஏனோ குளிர்ந்திருந்தது.

சாஃப்ட்வேரில் 'ரூம்' என்று ஒரு திருகு உண்டு. டிரம்மைப் பதிவு செய்த அறையின் மூலையில் ஒரு மைக் வைத்திருப்பார்களாம். அடி விழுந்ததும் அறை எப்படி அதிர்ந்தது என்பது அதில் இருக்கும். எங்கோ குளிர் தேசத்தில், யாரோ முகம் தெரியாதவர் அடித்த அடிகள். மூன்றாம் நாள் மதியம் ஜுல்பிகர் அந்தத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்.

பாட்டு ஓடவில்லை. எந்த அடியும் விழவில்லை. வெறும் அறை.

யாரோ மூச்சு விட்டார்கள்.

பிறகு ஒரு 'கிரீச்'. உட்காரும் ஸ்டூல் பாரம் தாங்கித் திரும்பும் சத்தம். தங்கப்பாண்டியின் ஸ்டூலில் ஒரு நட்டு எப்போதும் லூசாக இருக்கும். மாற்றச் சொல்லி எத்தனை முறை திட்டியிருக்கிறார்.

ஹெட்போனைக் கழற்றிப் போட்டார். அறை அமைதியாக இருந்தது. ஆனால் மூக்குக்கு ஒரு வாசனை வந்தது. கச்சேரிக்கு முன் தங்கப்பாண்டி இரண்டு மணிக்கட்டிலும் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை.

ஜுல்பிகர் வாய்க்குள் ஓதிக்கொண்டே எழுந்து வெளியே ஓடினார். பொட்டலில், எல்லைக் கல் ஒன்றின் மேல், வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தார். அன்றே பூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஏற நினைத்தார். தெற்குவாசல் வீட்டின் கதவைத் திறந்தால் உள்ளே யார் இருப்பார்கள் என்று யோசித்தார். யாரும் இருக்க மாட்டார்கள். இங்கேயாவது ஒருவன் இருக்கிறான்.

திரும்பி உள்ளே போனார்.

அன்றிலிருந்து அவர் செய்த காரியத்தை யாரிடமும் சொல்ல முடியாது. வேண்டுமென்றே தப்பாக எழுத ஆரம்பித்தார். இரண்டு கையும் வேலையாக இருக்கும் இடத்தில் மூன்றாவது அடியை வைப்பார். லேப்டாப்பை மூடிவிட்டு வாசலில் போய் நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து வந்து திறப்பார். தப்பு மட்டும் போயிருக்கும். ஒரு நாள் ஏழு இடத்தில் தப்பு வைத்தார், ஏழும் போயிருந்தன. எட்டாவதாக, ஜுல்பிகர் சரியென்று நினைத்திருந்த ஓர் இடத்தில், கால் வரிசையில், இரண்டு சின்ன அடிகள் புதிதாக முளைத்திருந்தன. ஓட விட்டுக் கேட்டார். சரணத்துக்குள் பாட்டு சறுக்கி இறங்கும் அந்த இடம். அதை எப்படித்தான் செய்கிறான் என்று இருபது வருடம் அவருக்குப் பிடிபடாத வித்தை அது.

"அடப்பாவி," என்றார் சத்தமாக. "இதத்தேன் பண்ணிக்கிட்டு இருந்தியா?"

பின்னால் ஸ்டூல் கிரீச்சிட்டது. ஹெட்போன் அப்போது காதில் இல்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பழக்கம்.

அழுகை வந்தது, அழுதார். வெள்ளிக்கிழமை சபியாவின் போன் வந்தது, எடுக்கவில்லை. சோறு ஒரு வேளையாகக் குறைந்தது. எல்லாவற்றையும் பேசினார்: ஃபர்ஹாவின் குழந்தைக்குத் தன் மூக்கு என்பதை, குழு கலைந்ததை, இப்போதெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை என்பதை. பின்னால் மூச்சு மட்டும் கேட்டது. மூச்சு போதுமாக இருந்தது.

ஏழாம் நாள் மதியம், பேச்சோடு பேச்சாக, அந்த முள் வெளியே வந்துவிட்டது.

"மாப்ள. அன்னைக்கு நான் உன்னையக் கூப்புட்டிருக்கணும்டா. எடம் பத்தாதுன்னதெல்லாம் சாக்குடா. மெஷினை எடுத்துட்டுப் போனா லேசா முடிஞ்சிரும்னு நெனச்சேன். நீ எங்கூட வந்திருந்தா அந்த வேன்ல ஏறியிருக்க மாட்ட."

மூச்சு நின்றது.

தைல வாசனை சட்டென்று அறுந்தது. மூடிய அறையில் புழுக்கம் மட்டும் மிஞ்சியது. ஜுல்பிகர் வெகுநேரம் காத்திருந்தார். உண்மையாகப் பயந்தது இப்போதுதான். வந்ததற்குப் பயந்ததைவிட, போய்விட்டானோ என்பதற்கு அதிகம் பயந்தார்.

சாயங்காலம் திரையைப் பார்த்தார்.

ஸ்நேர் வரிசை காலியாக இருந்தது.

முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, இடது கை அடிக்க வேண்டிய பொட்டுகள் ஒன்றுகூட இல்லை. வலது கை இருந்தது. கால் இருந்தது. ஓட விட்டால், நொண்டி நடப்பதுபோல் தாளம் நகர்ந்தது.

மறுபடி எல்லாவற்றையும் வைத்தார். கண் எதிரிலேயே ஒவ்வொன்றாக அணைந்தன. அவசரமே இல்லாமல், பாட்டின் வேகத்திலேயே அணைந்தன.

துணி சுற்றி வைத்திருந்த கை நினைவுக்கு வந்தது. 'அந்தக் கையை நீதான் பறித்துவிட்டாய், அதைத் திருப்பி எழுதாதே' என்று அவன் சொல்வதாக ஜுல்பிகர் புரிந்துகொண்டார். வேறென்ன புரிந்துகொள்ள முடியும்? இடது கை இல்லாமலேயே பாட்டை முடிப்பது என்று தீர்மானித்தார். தண்டனை என்றால் அதுவும் பாட்டுக்குள் இருக்கட்டும்.

அன்று எழுந்தபோதுதான் இடது தோள் கனத்தது. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்த வலி என்று நினைத்தார். சட்டையைக் கழற்றிக் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தார். ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றினார். தோளில் ஊற்றிய தண்ணீர் நேராக வழியவில்லை, எதையோ சுற்றிக்கொண்டு வழிந்தது.

பத்தாம் நாள், பதினேழாம் தேதி, சாஃப்ட்வேர் ஊமையாவதற்குள் பாட்டைச் சேர்த்துப் பாண்டீஸ்வரிக்கு அனுப்பினார். ராத்திரி ஹலீம் போனில் கேட்டார்: "என்னண்ணே, இதையே வாங்கிரலாமா? உங்களுக்கு நல்லாக் கை வந்திருச்சே!" ஜுல்பிகர், "வேணாம் ஹலீமு. அழிச்சிட்டேன்" என்றார். உண்மையாகவே அழித்திருந்தார்.

பதினெட்டாம் தேதி காலை பதினொரு மணி. அன்று அந்தப் பக்கம் முழுவதும் மாதாந்திர மின்தடை. விசிறி நின்றிருந்தது. லேப்டாப் சார்ஜ் இறங்கி எப்போதோ அணைந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பாண்டீஸ்வரியின் போன் வந்தது. பின்னால் ஆட்களின் பேச்சும் சாப்பாட்டுத் தட்டுச் சத்தமும் கேட்டன.

"அண்ணே, படத்துக்கு முன்னால பாட்டைப் போட்டோம்." அவள் குரல் உடைந்திருந்தது. "அவருதேன்ணே. அப்புடியே அவருதேன். எப்புடிண்ணே முடிஞ்சது? அந்த நடையில ஒரு சறுக்கல் வருமே, அது வேற யாருக்கும் வராது. பிள்ளைக மூணு தடவ கேட்டுருச்சுக."

"சரிம்மா. சந்தோசம்மா."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லும்மா."

"நான் டிரம்மு படிக்கலதேன். ஆனா பதினஞ்சு வருசம் எம் பக்கத்துல ஒக்காந்து தலகாணியில அடிச்சுப் பழகுனவரு. எந்தக் கை எங்க விழும்னு எனக்குத் தெரியும்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "இதுல எடது கை வாசிக்கவே இல்லியேண்ணே. மத்த எல்லாம் வாசிக்குது. அது மட்டும் சும்மா இருக்கு. அம்புட்டு நேரமும் அந்தக் கை எங்கண்ணே இருந்துச்சு?"

ஜுல்பிகரின் வலது கை தானாக இடது தோளுக்குப் போனது.

நாலு நாளாகத் தோளை விட்டு இறங்காத அந்தக் கனத்தை அவருக்கு இப்போதுதான் அடையாளம் தெரிந்தது. தண்டிக்க வந்த கை இல்லை அது. பிடித்து அமுக்கவும் இல்லை. வழக்கமாக இருக்கும் இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. ஊருக்கு வர நாளாகும்னு நெனைக்கிறேன். அப்புறம் பேசுறேன்."

போனை மேஜை மேல் வைத்தார். சுருட்டிய பாயை மறுபடி விரித்தார். கரண்ட் இல்லாத வீட்டில், உச்சி வெயிலில், தைல வாசனை மெல்ல ஏறியது. முதுகுக்குப் பின்னால் ஒரு நட்டு கிரீச்சிட்டது.

அவர் திரும்பவில்லை.

இடது தோளில் ஒரு விரல் தட்டியது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

ஜுல்பிகர் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.